துப்பாக்கியோடு ஜொகன்னஸ்பர்க், அங்கிருந்து வேலூர்: எந்த வழியில் டிக்கெட் போடலாம்?

வாலாஜா_ஹூஸ்டன்

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் வாலாஜாபேட்டை, இப்போது ஹூஸ்டன்வாசி. அமெரிக்கக் குடியுரிமை, கூடவே ஓ.சி.ஐ. அட்டையும் இருக்கிறது. வருகிற ஜூனில் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் ஒரு தனியார் பண்ணையில் வேட்டைக்கு இடம் பேசியிருக்கிறேன். குடு மான், இம்பாலா, முடிந்தால் வார்த்ஹாக் பன்றி. என்னுடைய .308 ரைஃபிளைக் கொண்டுபோக ஆசை.

வேட்டை முடிந்த அடுத்த வாரம் சத்துவாச்சாரியில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. தாய்மாமன் நான் போகாமல் இருக்க முடியாது. அதனால் ஹூஸ்டன், ஜொகன்னஸ்பர்க், சென்னை, திரும்ப ஹூஸ்டன் என்று ஒரே சுற்றாக டிக்கெட் பார்க்கிறேன். துபாய் வழியாகப் போனால் விலை குறைவு, ஆனால் நடுவில் ஒரு ராத்திரி முழுக்கத் துபாயில் காத்திருக்க வேண்டும். நியூவார்க் வழி இருக்கிறது, அட்லாண்டா வழியும் இருக்கிறது. இரண்டிலிருந்தும் ஜொகன்னஸ்பர்க்குக்கு நேரடி விமானம் உண்டு. எதைப் போடலாம்?

இன்னொன்று, காட்பாடியில் இருக்கும் அக்கா மகனும் என்னோடு வேட்டையைப் பார்க்க வருகிறான். அவன் சென்னையிலிருந்து வந்து ஜொகன்னஸ்பர்க்கில் சேர்ந்துகொள்வான். அவனுக்கும் வழி சொல்லுங்கள்.

மீனம்பாக்கம்_ஓய்வு

தம்பி, ஆப்பிரிக்காவை அப்புறம் பேசலாம், முதலில் சென்னை. சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தியாவுக்குள் பயணிகளின் பெட்டியில் துப்பாக்கி கொண்டுவருவது தடை. தோட்டாவும் 50க்கு மேல் கூடாது. வெளிநாட்டு வாழ்க்கையை முடித்துக்கொண்டு நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு மட்டும், அனுமதிக்கப்பட்ட குழல்துளை அளவில் ஒரே ஒரு துப்பாக்கிக்கு விலக்கு உண்டு. அதற்கும் இங்கே ஆயுத உரிமம் வேண்டும், வேறு நிபந்தனைகளும் இருக்கின்றன. வளைகாப்புக்கு வந்து போகிறவருக்கு அந்த விலக்கு பொருந்தாது.

'சென்னையில் அறிவித்துவிட்டு அவர்களிடமே ஒப்படைத்துவிட்டுப் போகிறேன், திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பயணப்பெட்டிகளுக்கு அப்படி ஒரு ஏற்பாடு உண்டு என்பதை வைத்துச் சொல்வார்கள். துப்பாக்கி என்றவுடன் ஆயுதச் சட்டம் குறுக்கே வந்துவிடும். வீட்டில் எல்லோரும் வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது தாய்மாமன் விமான நிலையத்தில் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

சத்துவாச்சாரி_315

சார், ஒரு சந்தேகம். 1959 ஆயுதச் சட்டம் 10ஆம் பிரிவில், வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணி விளையாட்டுக்காகத் துப்பாக்கி கொண்டுவரலாம் என்று ஒரு வரி இருக்கிறதே?

மீனம்பாக்கம்_ஓய்வு

இருக்கிறது. விளையாட்டுக்கு மட்டும், வேறு எதற்கும் இல்லை என்பதையும் அதே வரி சொல்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது இங்கே வேட்டை விளையாட்டு என்பதே கிடையாது. துப்பாக்கி சுடும் போட்டிக்கு வருகிறவர்கள் அதற்கான அழைப்பு, சங்கத்தின் கடிதம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். வளைகாப்புப் பத்திரிகையைக் காட்டி அந்த வரியைப் பிடித்துக்கொள்ள முடியாது.

டெக்சாஸ்_ஆற்காடு

வாலாஜா அண்ணா, நானும் டெக்சாஸ்தான். சென்னை விஷயத்தை சார் சொல்லிவிட்டார், நான் நியூவார்க்கைப் பற்றிச் சொல்கிறேன்.

2005இல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் போகும் வழியில் நியூவார்க்கில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். அவருடைய பெட்டியில் சட்டப்படி அறிவித்துப் பூட்டிய கைத்துப்பாக்கி இருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு ராத்திரி ஓட்டலில் தங்கினார். காலையில் திரும்ப விமான நிலையத்துக்கு வந்து 'துப்பாக்கி இருக்கிறது' என்று அவரே நேர்மையாகச் சொன்னார். கைது செய்தார்கள். வழக்கைப் பிறகு கைவிட்டாலும் அவர் நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட வழக்கு 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி கொண்டுபோகிறவருக்கு மத்தியச் சட்டம் கொடுக்கும் பாதுகாப்பு, பெட்டி அவர் கைக்கு வந்து எட்டும் தூரத்தில் இருந்த அந்த ராத்திரிக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள்.

போகும்போது பெட்டி ஹூஸ்டனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் வரை நேரே போய்விடும், நடுவில் நம் கைக்கு வராது. திரும்பும்போது அப்படி இல்லை. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியை எடுத்து, சுங்கம் முடித்து, மறுபடி போட வேண்டும். நியூவார்க்கில் அடுத்த விமானம் ரத்தானால் நியூஜெர்சிச் சட்டத்துக்குக் கீழே ஒரு ராத்திரி ரைஃபிளும் நீங்களும். அதே ராத்திரி அட்லாண்டாவில் என்றால் ஜார்ஜியா மாநிலத்தில் அந்தப் பயம் இல்லை. டிக்கெட் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அட்லாண்டா வழியைத்தான் போடுவேன்.

பொதுவாகவே துப்பாக்கியோடு போகிறவர் விலையைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. விமானம் தவறினால் இந்தப் பெட்டி எந்தச் சட்டத்தின் கீழ் என் கைக்கு வரும் என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கேட்டுப் பாருங்கள். பதில் தெரியாத ஊர் வழியாகப் போகவே வேண்டாம்.

தோல்மண்டி

வாணியம்பாடியிலிருந்து. தோல் வியாபாரமாக ஆப்பிரிக்கா பக்கம் போய் வருகிறவன், துப்பாக்கி தூக்கியதில்லை. லேஓவர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நிறுத்தம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் அது டிரான்சிட் கணக்கில் வராது, பெட்டி வெளியே வந்துவிடும். ராத்திரி முழுக்க நிறுத்தம் என்றால் அதற்குள்தான் என்றாலும், செக்-இன் கவுன்டரில் எந்த ஊர் வரைக்கும் டேக் ஒட்டினார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர வேண்டும். இரண்டு தனித்தனி டிக்கெட் வாங்கிக் காசை மிச்சம் பிடிப்பது தோல் சாம்பிள் கொண்டுபோகிறவனுக்குச் சரி, துப்பாக்கி கொண்டுபோகிறவருக்குச் சரிப்படாது. ஒரே பி.என்.ஆரில் எல்லாம் இருக்க வேண்டும். டிக்கெட்டில் ஒரு கம்பெனி பெயர், பறக்கிற விமானம் இன்னொரு கம்பெனி என்றால், பறக்கிற கம்பெனியின் விதிதான் செல்லும். அவர்களிடம்தான் அனுமதி கேட்க வேண்டும்.

டெக்சாஸ்_ஆற்காடு

பாய் சொல்வது முழுக்க உண்மை. நடுவில் இறங்கும் நாட்டின் அனுமதியும் தனி. ஆம்ஸ்டர்டாம் வழியாகப் போனால் பெட்டி வெளியே வராவிட்டாலும் டச்சு சுங்கத்தின் சம்மதம் முன்கூட்டியே வாங்க வேண்டும். வளைகுடா நாடுகள் வழியாகப் போனாலும் விமானக் கம்பெனியின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இல்லாமல் கவுன்டருக்குப் போகக் கூடாது. போனில் 'ஒன்றும் பிரச்சினை இல்லை சார்' என்று சொன்னதெல்லாம் கவுன்டரில் செல்லாது. மின்னஞ்சலை அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

வாலாஜா_ஹூஸ்டன்

நியூவார்க்கும் துபாயும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஜொகன்னஸ்பர்க்கில் இறங்கினால் என்ன நடக்கும்? பண்ணைக்காரர் அழைப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.

குடியாத்தம்_ஜொபர்க்

நான் இங்கேதான் இருக்கிறேன், வேட்டைக்கு வருகிறவர்களை விமான நிலையத்தில் அழைக்கப் போவது உண்டு. விளக்கமாகவே எழுதுகிறேன்.

இங்குள்ள ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்தில் ரைஃபிள் பெட்டி மற்ற பெட்டிகளோடு பெல்ட்டில் வராது. நேரே போலீஸின் துப்பாக்கி அலுவலகத்துக்குப் போகும். பெல்ட் பக்கத்தில் நின்று காணோம் காணோம் என்று பதற வேண்டாம். அங்கே கேட்கிற படிவம் சாப்ஸ் 520, தற்காலிக இறக்குமதி அனுமதிக்கானது. கறுப்பு மையில் நிரப்ப வேண்டும். கையெழுத்தை மட்டும் போடாமல் வைத்திருந்து அதிகாரி முன்னால் போடுங்கள். வீட்டிலேயே ஆசையாகக் கையெழுத்துப் போட்டு வந்தவர்களைப் புதுப் படிவம் எழுத வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கூடவே பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், பண்ணையின் அழைப்பு, ஏன் இந்தத் துப்பாக்கி வேண்டும் என்று நீங்கள் எழுதிய கடிதம், துப்பாக்கி உங்களுடையது என்பதற்குச் சான்று. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தச் சான்று சுங்கத்தின் 4457 படிவம். கிளம்புவதற்கு முன்னால் ரைஃபிளை எடுத்துக்கொண்டு ஹூஸ்டன் சுங்க அலுவலகத்துக்குப் போய் முத்திரை வாங்குங்கள். படிவத்தின் மேல் மூலையில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள், இங்கே அதை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். வரிசை எண்ணை ரைஃபிளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரு எழுத்து மாறினாலும் அன்றைய மாலை போச்சு.

ஒரு குழல்துளை அளவுக்கு ஒரு துப்பாக்கி, ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா, அதுவும் அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும் தோட்டா மட்டும். தானியங்கி, அரைத்தானியங்கி எல்லாம் வேண்டாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். சில வாரங்களுக்கு முன்னாலேயே இங்குள்ள ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்தால் வந்து இறங்கும்போது அனுமதி தயாராக இருக்கும். கட்டணம் கொடுத்தாலும் அதைச் செய்வது நல்லது.

அட்லாண்டாவிலிருந்து 15 மணி நேரத்துக்கு மேல் பறந்து மாலை வாக்கில் இறங்குவீர்கள். போலீஸ் வேலை முடிவதற்குள் இருட்டிவிடும். அன்றே லிம்போப்போவுக்குக் கார் எடுக்க வேண்டாம். பொலோக்வானே ஊர் மட்டுமே 300 கிலோமீட்டருக்கு மேல், பண்ணை அதற்கும் அப்பால். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கெம்ப்டன் பார்க்கில், துப்பாக்கி வைக்கப் பெட்டகம் உள்ள விடுதிகள் இருக்கின்றன. படுத்துவிட்டுக் காலையில் கிளம்புங்கள். இங்கேயும் நம் ஊர் போல இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். பாஸ்போர்ட்டில் இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

வாலாஜா_ஹூஸ்டன்

மிக்க நன்றி அண்ணா. ரைஃபிளைப் பண்ணையிலேயே விட்டுவிட்டுச் சென்னை போய்விட்டு, அடுத்த வருடம் வந்து எடுத்துக்கொள்ள முடியுமா?

குடியாத்தம்_ஜொபர்க்

முடியாது தம்பி. அனுமதி தற்காலிகமானது, உங்கள் பெயரில் வந்தது உங்களோடு வெளியே போக வேண்டும். பண்ணைக்காரரே 'வைத்துவிட்டுப் போங்கள்' என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவருடைய உரிமத்துக்கும் ஆபத்து.

வளைகாப்புத் தேதி மாறாது என்றால் வாடகை ரைஃபிள்தான் வழி. நாள் கணக்கில் தருவார்கள். இந்த நாட்டின் துப்பாக்கிச் சட்டப்படி, உரிமம் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில் அவருடைய துப்பாக்கியை நீங்கள் சுடலாம். .308, .30-06 இரண்டும் எந்தப் பண்ணையிலும் இருக்கும். பெரும்பாலும் சைலன்சர் மாட்டியே வைத்திருப்பார்கள், தோளுக்கும் காதுக்கும் சுகம்.

டெக்சாஸ்_ஆற்காடு

இங்கேதான் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். குடு ஆண் 200 கிலோவுக்கு மேல் வளரும். பழகாத துப்பாக்கியால் தவறான இடத்தில் சுட்டுவிட்டால் அந்த மிருகம் காட்டுக்குள் ஓடி எங்கேயோ கிடந்து சாகும். சொந்த ரைஃபிள் என்றால் ட்ரிக்கர் எந்த அழுத்தத்தில் விழும் என்று விரலுக்குத் தெரியும், ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் தெரியும். சுத்தமாகக் கொல்ல முடியாதவன் வேட்டைக்குப் போகக் கூடாது. நான் அவருடைய இடத்தில் இருந்தால் வேட்டையை முடித்து, ரைஃபிளோடு அட்லாண்டா வழியாக வீட்டுக்கு வந்து, அப்புறம் தனி டிக்கெட்டில் சென்னை போவேன்.

குடியாத்தம்_ஜொபர்க்

நீங்கள் சொல்லும் காரணம் சரி, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு வாரத்துக்குள் இரண்டு கண்டம் தாண்டித் திரும்பி, மறுபடி சென்னைக்கு இன்னொரு நாள் முழுக்கப் பறந்து, வளைகாப்புப் பந்தலில் அவர் தூங்கி வழிவார். அதைவிட இப்போதே கடிதம் எழுதட்டும்: எந்த ரைஃபிள், எந்த ஸ்கோப், எத்தனை கிரெய்ன் எடையுள்ள தோட்டா என்று. ஹூஸ்டனில் அதே எடைத் தோட்டாவை வைத்து, மூன்று கால் தடியில் சாய்த்து நின்றபடி சுட்டுப் பழகட்டும். இங்கே எல்லோரும் தடியில் வைத்துத்தான் சுடுகிறார்கள். மேசையில் வைத்துப் பழகியவர்கள்தான் திணறுகிறார்கள், ரைஃபிள் சொந்தமா வாடகையா என்பதில்லை. வந்த முதல் நாள் முழுக்க இலக்குப் பலகையில் சுடட்டும். திருப்தி இல்லையென்றால் காட்டுக்குப் போக வேண்டாம், பண்ணைக்காரரே விட மாட்டார்.

ஜவ்வாது

நான் ஜமுனாமரத்தூர் பக்கம். இந்த இழையை முதலிலிருந்து படித்தேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் மலையில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரையும் ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைக்காதவர்கள் மேல் வழக்கு. கேழ்வரகுக் கொல்லையில் பன்றி புகுந்தாலும் தட்டு தட்டித்தான் விரட்டுகிறோம். அதே மலைக்குக் கீழே பிறந்தவர் ஆயிரக்கணக்கான மைல் பறந்துபோய்ப் பணம் கட்டி ஒரு மானைச் சுட வேண்டுமா? கோபத்தில் கேட்கவில்லை, புரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

குடியாத்தம்_ஜொபர்க்

ஜவ்வாது அண்ணா, நியாயமான கேள்வி. இங்கே 1991இல் வந்த சட்டப்படி, முறையாக வேலி போட்ட பண்ணையில் இருக்கும் காட்டு விலங்கு நிலத்துக்காரருக்குச் சொந்தம். அதனால் மாடு வளர்த்த பலர் மாட்டை விட்டுவிட்டு மான் வளர்க்க வந்தார்கள். சுடுகிற குடுவின் இறைச்சி வீணாவதில்லை, பண்ணையிலும் கறிக்கடையிலும் தீர்ந்துவிடும். நம் ஊரில் காடும் விலங்கும் அரசாங்கத்தின் பொறுப்பு, வழி வேறு. இதைச் சொன்னதும் உங்கள் கஷ்டம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை.

ஜவ்வாது

விளக்கத்துக்கு நன்றி. எனக்கு இன்னும் ஒப்பவில்லை, ஆனால் இறைச்சி வீணாகாது என்றது கொஞ்சம் ஆறுதல். கொம்பு, தோல் எதையும் வேலூருக்குக் கொண்டுவராதீர்கள்.

மீனம்பாக்கம்_ஓய்வு

அதை நானும் அழுத்திச் சொல்கிறேன். கொம்பு, தோல், பல், காய்ந்த இறைச்சி, காலித் தோட்டா உட்பட எதுவும் சென்னைப் பெட்டியில் இருக்கக் கூடாது. வேட்டையில் போட்ட சட்டை, பேன்ட் பைகளையும் பையின் ஓரங்களையும் உதறிப் பாருங்கள். மறந்துபோன ஒரு தோட்டா ஸ்கேனரில் தெரிந்தால் அன்றைய விமானம் போய்விடும், வழக்கும் வரும்.

சத்துவாச்சாரி_315

வாலாஜா சார் விஷயம் முடிந்ததென்றால் என் கேள்வி ஒன்று. என்னிடம் .315 ரைஃபிள் உரிமத்தோடு இருக்கிறது, பழைய ஒன்றுபட்ட வேலூர் மாவட்டக் காலத்து உரிமம். இதைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோக முடியுமா?

டெக்சாஸ்_ஆற்காடு

.315 என்பது 8×50ஆர், பழைய மான்லிச்சர் தோட்டா. நம் நாட்டுத் தொழிற்சாலைதான் இன்னும் செய்துகொண்டிருக்கிறது, ஆப்பிரிக்காவில் கடைக்குக் கடை கிடைக்காது. தோட்டாப் பெட்டி ஒன்று வழியில் தங்கிவிட்டால் வெறும் ரைஃபிளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விமானத்தில் தோட்டா ஒருவருக்கு மொத்தமே 5 கிலோ, பெட்டியோடு சேர்த்து. ரைஃபிளிலிருந்து தனியாகக் கட்ட வேண்டும்.

மீனம்பாக்கம்_ஓய்வு

சட்டத்தில் இடம் இருக்கிறது. அதே 10ஆம் பிரிவு, உரிமம் உள்ளவர் தன் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர அனுமதிக்கிறது. ஆனால் புறப்படும்போதே சுங்கத்தில் காட்டி, வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்காமல் போனால் திரும்பும்போது அது உங்களுடையதுதான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு உங்கள் உரிமம் எந்த ஆட்சியர் அலுவலகக் கோப்பில் இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். என் அபிப்பிராயம், நீங்களும் வாடகைக்கே எடுங்கள்.

பாகாயம்_மருத்துவர்

உடல்நலம் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் வருகிறேன். வாலாஜா அவர்களுக்கு: லிம்போப்போவின் வடகிழக்குப் பகுதியில் மலேரியா உண்டு. ஜூன் வறண்ட குளிர்காலம் என்பதால் ஆபத்து குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. பண்ணை எந்தப் பகுதியில் என்று சொல்லி உங்கள் மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். ஊர் திரும்பிக் காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்து, ஆப்பிரிக்கா போய் வந்ததைச் சொல்ல வேண்டும். 15 மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. நடைபாதை ஓர இருக்கை எடுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள், முன்பே அந்தத் தொந்தரவு இருந்தவர் என்றால் அழுத்தக் காலுறை போடுங்கள்.

மருமகன் எந்த வழியாக வருகிறார்? எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழி என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை யோசிக்க வேண்டும்.

வாலாஜா_ஹூஸ்டன்

டாக்டர், அவன் அடிஸ் அபாபாதான் பார்த்துக்கொண்டிருந்தான், நிறுத்தம் கொஞ்சம் நீளம்.

எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்: ரைஃபிள் ஹூஸ்டனிலேயே இருக்கட்டும். அட்லாண்டா வழியாக ஜொகன்னஸ்பர்க், பண்ணையில் .308 வாடகைக்கு. பண்ணைக்காரருக்கு இன்று காலை எழுதிவிட்டேன். தோட்டா எடையைக் கேட்டு இங்கே தடியில் சுட்டுப் பழகப்போகிறேன். துப்பாக்கி இல்லாததால் சென்னைக்குத் துபாய் வழியாகவே போகலாம். சொந்த ரைஃபிளோடு இன்னொரு வருடம், போய் நேரே திரும்புகிற டிக்கெட்டில்.

பாகாயம்_மருத்துவர்

நல்லது. தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை, எத்தியோப்பியா அது உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அடிஸ் அபாபா விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். திரும்பும்போது அடிஸில் விமான நிலையத்தை விட்டு வெளியே போயிருந்தால் இந்தியாவிலும் கேட்பார்கள், அட்டை இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். வளைகாப்பு நேரத்தில் அவர் அங்கே மாட்டிக்கொள்ளக் கூடாது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். முன்பதிவு செய்துவிட்டு பாஸ்போர்ட்டோடு போகச் சொல்லுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், அதன்பிறகு வாழ்நாள் முழுக்க. அவருக்கு முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே அங்கே சொல்லிவிட வேண்டும்.

தோல்மண்டி

பையனுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும், விண்ணப்பத்தை இந்த மாதமே போடச் சொல்லுங்கள். அடிஸ் போவதாக இருந்தால் நிறுத்தம் குறைவாக உள்ள விமானத்தைப் பார்க்கட்டும், இல்லையென்றால் துபாய் அல்லது தோஹா வழி போட்டால் ஊசிப் பிரச்சினையே இல்லை. காட்பாடியிலிருந்து சென்னை விமான நிலையம் பக்கம், பெங்களூரு தேவனஹள்ளி தூரம், அதனால் பெங்களூரு விலை கொஞ்சம் குறைந்தாலும் சென்னையே போடட்டும்.

வாலாஜா_ஹூஸ்டன்

சரி பாய், தோஹா வழியாகவே போடச் சொல்கிறேன். விசாவுக்கு அவன் நாளைக்கே விண்ணப்பம் நிரப்புகிறான். பண்ணைக்காரரின் அழைப்புக் கடிதத்தில் அவன் பெயரையும் சேர்த்து வாங்கியாகிவிட்டது.